வல்லரசுகளின் இராணுவச் சீண்டல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"போர்க்கப்பலை நெருங்கி வந்தது", "போர் விமானம் வழிமறித்தது", "கடும் கண்டனம்". இப்படி ஒரு செய்தி வராத மாதம் இல்லை. வந்த உடனே மூன்றாம் உலகப்போர் என்று அலறுகிறவர்கள் ஒரு பக்கம். இதெல்லாம் வெறும் வேடிக்கை காட்டல் என்று ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் இன்னொரு பக்கம். இருவருமே விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். இந்த உரசல்களில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அவை போராக மாறாமல் போனதற்கும் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களைத்தான் இங்கே முடிந்தவரை விளக்க முயல்கிறேன்.

இராணுவச் சீண்டல் என்று எதைச் சொல்கிறார்கள்?

சண்டை தொடங்காமல், சண்டைக்குத் தயார் என்று காட்டுவதை. 2013 ஜனவரியில் கிழக்குச் சீனக் கடலில் சீனப் போர்க்கப்பல் ஒன்று ஜப்பானியப் போர்க்கப்பலின் மீது ஆயுதங்களைக் குறிவைக்கும் ரேடாரைப் பாய்ச்சியதாக ஜப்பான் குற்றம் சாட்டியது, சீனா மறுத்தது. சாதாரண ரேடார் தேடும். இந்த ரேடார் குறிபார்க்கும். துப்பாக்கியை நெற்றிக்கு நேரே நீட்டுவதற்குச் சமம் அது. 2018 செப்டம்பரில் தென்சீனக் கடலில், ஸ்ப்ராட்லி தீவுகளுக்கு அருகே, அமெரிக்காவின் டிகேட்டர் கப்பலுக்கு முன்னால் சீனக் கப்பல் ஒன்று சுமார் 41 மீட்டர் நெருக்கத்தில் குறுக்கிட்டது. எட்டாயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள கப்பலுக்குப் பிரேக் கிடையாது. 41 மீட்டர் என்பது அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"வான் எல்லைக்குள் நுழைந்தது" என்று செய்தி வந்தால் அது படையெடுப்புதானே?

பெரும்பாலும் இல்லை. தமிழ்ச் செய்திகளில் நான் அதிகம் காணும் பிழையும் இதுதான்.

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை ஒரு நாட்டின் எல்லைக் கடல். அதற்கு மேலுள்ள வானம் அந்த நாட்டுக்கே சொந்தம். அனுமதியில்லாமல் அங்கே அயல்நாட்டுப் போர் விமானம் நுழைந்தால் அது உண்மையான அத்துமீறல். 200 கடல் மைல் வரை இருப்பது பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். அங்கே மீனும் எண்ணெயும் அந்த நாட்டுக்கு. கப்பல் போக்குவரத்தும் விமானப் போக்குவரத்தும் எல்லோருக்கும்.

இவற்றுக்கு அப்பால் மூன்றாவது ஒன்று இருக்கிறது: வான் பாதுகாப்பு அடையாள மண்டலம். ஒரு நாடு தானாகவே வரைபடத்தில் கோடு போட்டு, "இதற்குள் வரும் விமானங்கள் தங்களை அடையாளம் காட்ட வேண்டும்" என்று அறிவிப்பது அது. 1950-இல் இதைத் தொடங்கிவைத்தது அமெரிக்கா. 2013 நவம்பரில் கிழக்குச் சீனக் கடலுக்கு மேல் சீனா ஒன்றை அறிவித்தது. இந்த மண்டலம் அந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்ட வானம் அல்ல. தைவான் வரைந்திருக்கும் மண்டலம் சீனப் பெருநிலத்தின் ஒரு பகுதி மீதே படர்ந்திருக்கிறது. "தைவான் மண்டலத்தில் சீன விமானங்கள்" என்ற செய்தி மிரட்டலைக் குறிக்கலாம். அது எல்லை மீறலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கரையிலிருந்து எத்தனை கடல் மைல் என்ற எண் செய்தியில் இல்லையென்றால், அந்தச் செய்தியை நம்பிக் கோபப்பட வேண்டாம்.

அடுத்தவர் கரைக்கு அருகில் போய் நிற்பதே ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது, காது கொடுத்துக் கேட்பது: எதிரியின் ரேடார் எந்த அலைவரிசையில் பேசுகிறது, ஒரு விமானம் நெருங்கினால் எந்தத் தளத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் போர் விமானம் மேலெழுகிறது என்பதையெல்லாம் அருகில் போனால்தான் அறிய முடியும். இரண்டாவது, உரிமையைக் காப்பது. ஒரு பாதையில் யாரும் நடக்காமலிருந்தால் அது அடைபட்டுப் போகும் என்று நம் ஊர் வரப்புத் தகராறுகளில் சொல்வார்கள் அல்லவா? அமெரிக்கக் கடற்படை அதே வாதத்தைத்தான் கடலில் வைக்கிறது.

2001-இல் சீனாவின் ஹைனான் தீவுக்கு அருகே என்ன நடந்தது?

2001 ஏப்ரல் 1. ஜப்பானின் ஒக்கினாவா தீவிலுள்ள கடேனா தளத்திலிருந்து கிளம்பிய அமெரிக்காவின் இபி-3 வேவு விமானம், ஹைனான் தீவிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் பறந்துகொண்டிருந்தது. உள்ளே 24 பேர். இரண்டு சீன ஜே-8 போர் விமானங்கள் அதை எதிர்கொள்ள வந்தன. ஒன்றை ஓட்டியவர் வாங் வெய்.

இபி-3 நான்கு விசிறிகளால் ஓடும், மெதுவான, கனத்த விமானம். ஜே-8 வேகத்துக்காகவே செய்யப்பட்ட ஜெட். அவ்வளவு மெதுவாகப் பறக்க அது மூக்கைத் தூக்கிக்கொண்டு தடுமாற வேண்டும். வாங் வெய் இருமுறை மிக நெருங்கி வந்து விலகினார். மூன்றாவது முறை அவருடைய விமானம் இபி-3-இன் இடது ஓர விசிறியில் சிக்கியது. ஜெட் இரண்டாக உடைந்தது. இபி-3-இன் மூக்குக் கூம்பு பிய்ந்து போக, அது கவிழ்ந்தபடி ஆயிரக்கணக்கான அடிகள் விழுந்தது. விமானி ஷேன் ஆஸ்போர்ன் அதை நிமிர்த்தி, உதவி கேட்டுக் கூவியபடி, ஹைனானிலிருந்த சீனாவின் லிங்ஷுய் இராணுவத் தளத்திலேயே இறக்கினார். அந்த நிமிடங்களில் உள்ளே இருந்தவர்கள் கோடரியால் கருவிகளை உடைத்தார்கள். கணினிகளின் மேல் சூடான காபியை ஊற்றினார்கள். அந்த 24 பேரும் 11 நாட்கள் சீனக் காவலில் இருந்தார்கள். வாங் வெய்யின் உடல் கிடைக்கவே இல்லை.

விடுதலையைப் பெற்றுத் தந்தது ஒரு கடிதம். சீனா மன்னிப்புக் கேட்கச் சொன்னது. தவறு செய்யவில்லை, மன்னிப்பும் இல்லை என்றது அமெரிக்கா. இறுதியில் தூதர் ஜோசப் ப்ரூயர் கையெழுத்திட்ட கடிதத்தில் "மிகவும் வருந்துகிறோம்" என்ற தொடர் இருமுறை வந்தது: வாங் வெய்யின் இழப்புக்காக ஒருமுறை, வாய்மொழி அனுமதி பெறாமல் தரையிறங்கியதற்காக ஒருமுறை. பெய்ஜிங் அதை மன்னிப்பாகத் தன் மக்களுக்குக் காட்டியது. வாஷிங்டன் வருத்தமாக மட்டும் காட்டியது. இரு தரப்பும் தலைநிமிர்ந்து விலக ஒரு சொல் போதுமானதாக இருந்தது. விமானத்தைப் பறக்கவிடச் சீனா சம்மதிக்கவில்லை. அது துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு ஜூலையில் வாடகைச் சரக்கு விமானத்தில் வீடு திரும்பியது.

அதில் யார் மீது தவறு?

இபி-3 திடீரென்று திரும்பி மோதியதாகச் சீனா சொன்னது. எனக்கு அது பொருந்தவில்லை. மாட்டு வண்டி வளைந்து மோட்டார் சைக்கிளை முட்டிவிட்டது என்பதைப் போன்ற வாதம் அது. அதே ஆண்டு ஜனவரியில் நடந்த இன்னொரு வழிமறிப்பின் காணொளியை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்டது. தலைக்கு மேல் கைநீட்டும் நெருக்கத்தில் சீன விமானங்கள் பறப்பதை அதில் பார்க்கலாம். மற்றொரு சந்திப்பில் வாங் வெய் தன் மின்னஞ்சல் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடி வழியே காட்டியதாகவும் செய்தி வந்தது.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. எதிரியிடம் முகவரி நீட்டுகிற அளவுக்கு நடுவானில் பழகிப்போன ஓர் இளைஞர்! ஆபத்து அங்கேதான் ஒளிந்திருந்தது. நூறு முறை நெருங்கியும் எதுவும் நடக்காததால், நூற்றியோராவது முறை இன்னும் கொஞ்சம் நெருங்கலாம் என்று தோன்றிவிடுகிறது. அவரைக் கண்டிக்காமல் வளரவிட்ட மேலதிகாரிகள் மீதும், தன் கரைக்கு அருகில் எவர் விமானத்தையும் பொறுக்காத அமெரிக்கா பிறர் கரையில் வாரந்தோறும் அதையே வழக்கமாக்கியதன் மீதும் என் குறை உண்டு. ஆனால் மோதிய கணத்தின் பொறுப்பு நெருங்கி வந்த ஜெட்டினுடையதே.

வேண்டுமென்றே கப்பலால் கப்பலை இடித்தது உண்டா?

உண்டு. 1988 பிப்ரவரி 12, கருங்கடல், கிரிமியக் கரை. அமெரிக்காவின் யார்க்டவுன், கேரன் என்ற இரு கப்பல்கள் சோவியத் எல்லைக் கடலுக்குள் நுழைந்தன. தீங்கு செய்யாமல் கடந்துபோக எந்தக் கப்பலுக்கும் உரிமை உண்டு என்பது அமெரிக்க வாதம். எங்கள் சட்டப்படி அதற்கென்று குறித்த வழிகளில் மட்டுமே போகலாம், கருங்கடலில் அப்படி வழி எதையும் குறிக்கவில்லை என்பது சோவியத் வாதம். "உங்கள் கப்பலை இடிக்க எனக்கு உத்தரவு இருக்கிறது" என்று ரேடியோவில் அறிவித்துவிட்டு, பெஸ்ஸவேத்னி என்ற சோவியத் கப்பல் யார்க்டவுனின் பக்கவாட்டில் உரசி ஏறியது. இன்னொரு சிறு கப்பல் கேரனை இடித்தது. யாரும் சாகவில்லை.

சொல்லிவிட்டு இடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும் சோவியத் அமைச்சர் ஷெவர்த்நாட்ஸேயும் வயோமிங்கில் சந்தித்தபோது, கடந்துபோகும் உரிமைக்கு இரு நாடுகளும் ஒரே பொருள் கொள்வதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஒரு சட்டச் சண்டை, சட்ட வாக்கியத்தாலேயே தீர்ந்தது.

கடலில் மோதலைத் தவிர்க்க ஒப்பந்தம் ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. பனிப்போர்க் காலத்தின் மிகச் சிறந்த ஒப்பந்தங்களில் ஒன்று என்று அதை நான் மதிக்கிறேன். அணு ஆயுத ஒப்பந்தங்களைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

1960-களில் அமெரிக்க, சோவியத் கடற்படைகள் இரண்டும் "யார் முதலில் விலகுவது" என்று விளையாடின. 1967 மே மாதத்தில் ஜப்பான் கடலில் அமெரிக்காவின் வாக்கர் கப்பல் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரு சோவியத் கப்பல்களோடு உரசியது. 1968 மே மாதத்தில் நார்வீஜியக் கடலில், எசெக்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் அருகே தாழப் பறந்த சோவியத் குண்டுவீச்சு விமானம் கடலில் விழுந்து வெடித்தது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. எசெக்ஸ் சுட்டு வீழ்த்தியது என்று மாஸ்கோ நினைத்திருந்தால்?

1972 மே 25 அன்று மாஸ்கோவில் அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜான் வார்னரும் சோவியத் கடற்படைத் தளபதி கோர்ஷ்கோவும் கையெழுத்திட்டார்கள். அதில் பெரிய வார்த்தைகள் எதுவும் கிடையாது. துப்பாக்கிகளையும் ஏவுகணைத் தாங்கிகளையும் அடுத்த கப்பலை நோக்கித் திருப்பித் தாக்குவதுபோல் பாசாங்கு செய்யக் கூடாது. அடுத்த கப்பலைச் செலுத்தும் மேடையின் மீது தேடுவிளக்கைப் பாய்ச்சக் கூடாது. கப்பலுக்கு மேல் விமான வித்தை காட்டக் கூடாது. விமானங்களை ஏற்றி இறக்கும் கப்பலுக்கு வழிவிட வேண்டும். இரண்டு கப்பல்களுக்கும் பொதுவாகப் புரியும் கொடிக் குறிகள். எத்தனை மீட்டர் இடைவெளி என்று எண் போடாமல் விட்டதுகூட யோசித்துச் செய்ததுதான். எண் இருந்தால் அந்த எண்வரை நெருங்குவது உரிமையாகிவிடும்.

இதன் உயிர் ஆண்டுக்கொரு முறை கூடும் கூட்டத்தில் இருந்தது. அரசியல்வாதிகள் இல்லை, மாலுமிகள் மட்டும். கடந்த ஆண்டின் ஒவ்வொரு உரசலையும் புகைப்படத்தோடு மேசையில் வைத்துப் பேசுவார்கள். அலை, காற்று, கப்பல் திரும்பும் வேகம் எல்லாம் தெரிந்தவர்களிடையே பொய் எடுபடாது. 1973 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் இரு கடற்படைகளும் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களோடு முகத்துக்கு முகம் நின்றபோது, இந்த விதிகள் பெருமளவு காப்பாற்றப்பட்டன.

விதியை மீறினால் தண்டனை என்ன?

இல்லை. நாளை நம் மாலுமிகளுக்கும் அதே நடக்கும் என்ற எண்ணம் மட்டுமே.

வெள்ளை மாளிகையில் சிவப்புத் தொலைபேசி உண்மையிலேயே இருக்கிறதா?

படங்களில் காட்டும் சிவப்புத் தொலைபேசி கற்பனை. 1963-இல் அமைக்கப்பட்ட வாஷிங்டன்–மாஸ்கோ நேரடித் தொடர்பு ஒரு டெலிபிரிண்டர் இணைப்பு. தொலைபேசியில் பேசினால் அவசரத்தில் மொழிபெயர்ப்பு தவறும், குரல் உயரும். எழுத்து யோசிக்க நேரம் தரும் என்பதே எண்ணம். அதற்கு முந்தைய ஆண்டு கியூபா நெருக்கடியில், வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதரின் அவசரத் தந்தியை வாங்கிப் போகத் தந்தி நிறுவனத்தின் பையன் சைக்கிளில் வர வேண்டியிருந்தது. உலகின் தலைவிதி அந்த மிதிவண்டியில் போனது.

அந்த இணைப்பு எப்படி உதவியது என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சி. 1967 ஜூன் 8, அரபு–இஸ்ரேல் போரின் நடுவே அமெரிக்காவின் லிபர்ட்டி என்ற வேவுக் கப்பலை இஸ்ரேல் தாக்கியது. உதவிக்கு அமெரிக்க விமானங்கள் மேலெழுந்தன. எங்கே போகின்றன என்று சோவியத் கடற்படை பார்த்துக்கொண்டிருந்தது. அதிபர் ஜான்சன் உடனே பிரதமர் கோசிகினுக்குச் செய்தி அனுப்பினார்: அந்த விமானங்கள் எங்கள் கப்பலைப் பார்க்கப் போகின்றன. அதோடு முடிந்தது.

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையில் இதெல்லாம் இல்லையா?

காகிதத்தில் உண்டு. 1998-இல் கடல்சார் இராணுவ ஆலோசனை ஒப்பந்தம், 2014-இல் சிங்தாவ் நகரில் பல நாட்டுக் கடற்படைகள் ஏற்ற எதிர்பாராச் சந்திப்பு விதிகள். குறை வேறிடத்தில் இருக்கிறது. உறவு கெட்டால் பெய்ஜிங் முதலில் துண்டிப்பது இராணுவத் தொடர்பைத்தான். ஹைனான் மோதலின்போதும் முதல் பல மணிநேரம் அமெரிக்கத் தூதருக்குப் பதில் கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் நான்சி பெலோசி தைவான் சென்றதும், தளபதிகளின் பேச்சையும் கடல்சார் ஆலோசனைக் கூட்டத்தையும் சீனா நிறுத்தியது. 2023 பிப்ரவரி 4-இல் தென் கரோலினாவுக்கு அப்பால் சீனப் பலூனை அமெரிக்கா வீழ்த்திய அன்று, பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் பேச விரும்பியும் சீன அமைச்சர் வெய் ஃபெங்ஹ மறுத்தார்.

அடுத்த மாதமே கருங்கடலின் மேல் ரஷ்ய சு-27 விமானங்கள் அமெரிக்காவின் ஆளில்லா எம்கியூ-9 விமானத்தின் மீது எரிபொருளைக் கொட்டி, ஒன்று அதன் விசிறியிலும் மோதியதாக அமெரிக்கா கூறியது. மோதலை ரஷ்யா மறுத்தது. உக்ரைன் போர் மூண்டு ஓராண்டு கடந்திருந்த நேரம். அப்படியிருந்தும் மறுநாளே ஆஸ்டினும் ரஷ்ய அமைச்சர் ஷோய்குவும் தொலைபேசியில் பேசினார்கள். பகை அதிகமாக இருந்த இடத்தில் தொலைபேசி எடுக்கப்பட்டது. பேசுவதைச் சீனா ஒரு சலுகையாகப் பார்க்கிறது. நல்ல நடத்தைக்குப் பரிசாகத் தருவது, கோபம் வந்தால் பிடுங்கிக்கொள்வது. இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. 2023 நவம்பரில் பைடனும் ஷி ஜின்பிங்கும் கலிபோர்னியாவில் சந்தித்த பிறகே இராணுவத் தொடர்பு மீண்டது.

கல்வானில் இரு அணு ஆயுத நாட்டு வீரர்கள் ஏன் கற்களாலும் தடிகளாலும் மோதினார்கள்?

1996-இல் இந்தியாவும் சீனாவும் செய்த ஒப்பந்தப்படி, அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கிச் சூடு கூடாது. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் அந்த விதியைத் தவிர மற்ற எல்லாம் உடைந்தன. கர்னல் சந்தோஷ் பாபு உள்ளிட்ட 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. சீனா எட்டு மாதங்கள் கழித்துத் தன் பக்கத்தில் நான்கு பேர் இறந்ததாக ஒப்புக்கொண்டது.

விதி இருந்தும் 20 பேர் செத்தார்களே, விதியால் என்ன பயன் என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. தோளில் துப்பாக்கி இருந்தும் ஒருவரும் விசையை அழுத்தாத இரவு அது. அழுத்தியிருந்தால் கடுக்கலூர்கள் எத்தனையோ.

இதில் இந்தியா யார் பக்கம்?

எல்லையில் சீனாவுக்கு எதிர்ப்பக்கம். கடல் சட்டத்தில் வியப்பாக ஓரளவு சீனாவின் பக்கம். 2021 ஏப்ரல் 7-இல் அமெரிக்காவின் ஜான் பால் ஜோன்ஸ் கப்பல் லட்சத்தீவுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைலில், இந்தியாவிடம் கேட்காமல் பயணம் செய்து, அதைத் தானே அறிவிக்கவும் செய்தது. பொருளாதார மண்டலத்தில் அனுமதியின்றி அயல்நாட்டு இராணுவப் பயிற்சி கூடாது என்பது இந்தியாவின் நிலை. டெல்லி தன் கவலையைத் தெரிவித்தது. நட்பு நாடு என்பதற்காக அமெரிக்கா விட்டுவைக்கவில்லை.

சாதாரண மக்களுக்கு இதனால் என்ன?

1983 செப்டம்பர் 1 அதிகாலை, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோல் நோக்கிப் பறந்த கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானம் வழிதவறி, சோவியத் கம்சட்கா தீபகற்பத்தின் மீதும் பிறகு சகாலின் தீவின் மீதும் பறந்தது. அதே இரவில் அந்தப் பகுதியில் அமெரிக்க வேவு விமானம் ஒன்றும் சுற்றிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் நடந்த சீண்டல்களால் சோவியத் வான் பாதுகாப்புப் படை எரிச்சலிலும் அச்சத்திலும் இருந்தது. வந்திருப்பது வேவு விமானம்தான் என்று நம்பிச் சுட்டார்கள். 269 பேரும் இறந்தார்கள். 1988-இல் பாரசீக வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பயணி விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்து வீழ்த்தியது, 290 பேர். பதற்றம் நிறைந்த கண்களுக்கு எல்லா வெளிச்சப் புள்ளியும் எதிரிதான்.

கொரிய விமானம் வீழ்ந்த பிறகு, ஜிபிஎஸ் வழிகாட்டியைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் தருவதாக ரீகன் அரசு அறிவித்தது. 1985-இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் மூன்றும் ஆங்கரேஜ், ஹபரோவ்ஸ்க், டோக்கியோ வான்போக்குவரத்து மையங்களுக்கிடையே நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ள உடன்பட்டன. அந்த இணைப்பு இரண்டு ஆண்டுகள் முன்பே இருந்திருந்தால், ஹபரோவ்ஸ்க்கில் இருந்தவர் டோக்கியோவை அழைத்து, "சகாலின் மீது பறப்பது உங்களிடம் வரவேண்டிய விமானமா?" என்று கேட்டிருக்கலாம்.